தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தட டிராலிகளுக்கு ஸ்டாப்பர் பொருத்தும் முறை

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, குந்தா பகுதிகளில் இயங்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், லாரியிலிருந்து இறங்கும் கொழுந்துப் பைகள் எடை போடப்பட்ட பின், தலைக்கு மேலே தொங்கும் ஓர் இரும்புத் தடத்தின் வழியாகவே, கொழுந்தைப் பரப்பி ஈரம் குறைக்கும் வாட்டும் தொட்டிகளுக்குப் போய்ச் சேருகின்றன. கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸிலிருந்து தொங்கவிடப்பட்ட ஐ பீமின் (ஆங்கில I வடிவ இரும்பு உத்தரத்தின்) கீழ் விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் உள்ள டிராலி ஓட, அதன் அடியில் தொங்கும் கொக்கிகளில் பைகளை மாட்டி, ஒருவர் கையால் தள்ளிக்கொண்டு போவார். எந்திரப் பகுதியில் இதே அமைப்பில் சுமை தூக்கும் செயின் பிளாக்கோ மோட்டார் ஹாய்ஸ்டோ தொங்கும். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளைக் கழற்றி மாட்டும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

இந்தத் தடங்களின் முனையில் டிராலியை நிறுத்தும் தடுப்பை, பட்டறைப் பேச்சில் ஸ்டாப்பரை, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். முனையே இல்லாமல் சுற்றிவரும் செயின் கன்வேயர்களை விட்டுவிடுகிறேன். அவற்றை நிறுத்துவது அவசரக் கயிற்றின் வேலை. அது தனி விஷயம்.

தடத்தை அமைத்தவர்கள் பெரும்பாலும் இரு முனைகளிலும் ஒரு துண்டு ஆங்கிளை (L வடிவ இரும்பை) பற்றவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தடம் மட்டமாக இருந்த நாளில் அது போதுமானதாகவும் இருந்திருக்கும். ஆனால் மலைச்சரிவில் எழுப்பிய கட்டடம், எழுப்பிய நாளில் இருந்தபடியே நிற்பதில்லை. ஆகவே ஸ்டாப்பரைப் பற்றிய எந்த முடிவையும் விலைப்பட்டியலைப் பார்த்து எடுக்காமல், தடத்தை அளந்து பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சாய்வை அளக்க வேண்டும்

சரிவில் கட்டடம் எழுப்பும்போது மேல் பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப் பக்கத்தில் கொட்டி நிரவுவது வழக்கம். வெட்டிய பகுதியில் நிற்கும் தூண் அசையாது. நிரப்பிய பகுதியில் நிற்கும் தூண், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் மண்ணோடு சேர்ந்து ஆண்டுதோறும் சிறிது இறங்கலாம். சுவரில் விரிசல் தெரியாத அளவு இறக்கம்கூட, 30 மீட்டர் நீளத் தடத்தின் ஒரு முனையைக் கீழே இழுத்துவிடப் போதும். இதற்கு மேலாக, ஈரக் கொழுந்தின் எடை ஏறும்போது டிரஸ்ஸே சற்று வளைந்து கொடுக்கும் என்பதால், காலியான தடத்தில் எடுத்த அளவும் சுமை ஏறிய தடத்தில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அளப்பதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் அந்தக் குழாயின் ஒரு முனையைத் தடத்தின் தொடக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் 2 மீட்டருக்கு ஒரு முறை பீமின் அடிப்பக்கத்துக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு முழுவதும் பொய்யாகிவிடும் என்பதால், அளக்கத் தொடங்கும் முன் இரு முனைகளையும் அருகருகே பிடித்து நீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ரசமட்டத்தைப் பீமின் மீது வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அது அரை மீட்டர் நீளத்தின் சாய்வைக் காட்டுமேயன்றி முழுத் தடத்தின் இறக்கத்தைக் காட்டாது.

இறக்கம் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 50க்கு 1 என்ற சாய்வில் டிராலி 10 மீட்டர் உருண்டால் 20 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். உராய்வே இல்லையெனில் அந்த இறக்கம் டிராலிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தைத் தந்துவிடும். மனிதன் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தைப் போல அது ஏறக்குறைய இருமடங்கு. நடைமுறையில் சக்கரத்தின் அழுக்கும் பேரிங்கின் தேய்மானமும் இந்த வேகத்தைக் குறைக்கும். அதனாலேயே ஒரு சிக்கலும் வரும். பழைய பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியது போட்ட மறுநாள், அதுவரை எங்கே விட்டாலும் அங்கேயே நின்ற டிராலி தானாக நகரத் தொடங்கும். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில், பேரிங் மாற்றிய வாரத்தில், மாட்டிவைத்த பைகளோடு டிராலி ஒன்று ஆளில்லாமல் உருண்டு போய் முனை ஆங்கிளை ஒரு பக்கம் கிழித்து வளைத்துவிட்டது. பேரிங்கைக் குறை சொன்னார்கள். உண்மையில் அத்தனை ஆண்டுகளும் பிரேக் வேலையைப் பார்த்து வந்தது பழைய பேரிங்கின் தேய்மானம்தான்.

ஆகவே பேரிங்குகளைச் சுத்தம் செய்து கிரீஸ் இட்ட பிறகு, காலி டிராலியைத் தடத்தின் ஒவ்வொரு பகுதியிலும் நிறுத்திக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அது தானாக நகரும் இடங்களைப் பீமில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, தொங்குகம்பிகளின் நட்டுகளைத் திருகியோ அடியில் தகடு வைத்தோ முதலில் தடத்தை மட்டப்படுத்த வேண்டும். 200க்கு 1 என்ற அளவைத் தாண்டும் சாய்வை நான் அப்படியே விடுவதில்லை. சாய்வைத் திருத்தாமல் பெரிய ஸ்டாப்பர் வைப்பது, உடையும் இடத்தை ஸ்டாப்பரிலிருந்து டிராலிக்கு மாற்றுவதாகத்தான் முடியும்.

மோதலின் கணக்கு

ஓடிவரும் பொருளின் ஆற்றல் அதன் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது என்பது பள்ளிப் பாடம். பைகளோடு 250 கிலோ எடையுள்ள டிராலி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால் அதில் 125 ஜூல் ஆற்றல் இருக்கும். இதை வெறும் இரும்பு ஆங்கிள் 3 மி.மீ. வளைந்து தாங்கினால், அங்கே விழும் சராசரி விசை ஏறத்தாழ 4,250 கிலோ எடைக்குச் சமம். அதே டிராலியை 25 மி.மீ. அமுங்கும் ரப்பர் பஃபர், அதாவது மோதலைத் தாங்கும் மெத்தை, தாங்கினால் அது 510 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். ரப்பரும் ஸ்பிரிங்கும் அமுங்க அமுங்க எதிர்ப்பைக் கூட்டும் என்பதால் உச்ச விசை இந்தச் சராசரியைப் போல இருமடங்கு வரை போகலாம். அப்படியும் வெறும் இரும்போடு ஒப்பிட்டால் அது சிறியதே.

கையால் தள்ளும் டிராலியில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஹாய்ஸ்டோடு சேர்த்து 1,200 கிலோ எடையை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் நகர்த்தும் மோட்டார் டிராலியின் ஆற்றல் ஏறத்தாழ 67 ஜூல் மட்டுமே. நடை வேகத்தில் தள்ளிவரும் 250 கிலோ கொழுந்து டிராலியில் அதைப் போல இருமடங்கு இருக்கிறது. மோட்டார் டிராலிக்கு நல்ல பஃபர் வாங்கிப் போட்டுவிட்டு, இலைத் தடத்தின் முனையில் துணிச் சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கும் தொழிற்சாலைகள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டவை.

டிராலி நின்றாலும் தொங்கும் பை நிற்காது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த பை, டிராலி நின்றதும் முன்னோக்கி ஆடி 5 சென்டிமீட்டர் உயரும். தொங்கும் நீளம் 1.2 மீட்டர் என்றால் அது நின்ற இடத்திலிருந்து 35 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். வேகம் 2 மீட்டராக இருந்தால் 67 சென்டிமீட்டர் போகும். எனவே ஸ்டாப்பர் இருக்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போது, அதற்கு அப்பால் சுவரோ, மின்விசிறியின் உறையோ, முக்கியமாக ஆள் நின்று பையைக் கழற்றும் இடமோ இந்தத் தூரத்துக்குள் வராதபடி பார்க்க வேண்டும். சுதந்திரமாக ஆடும் பையின் ஆற்றல் முழுவதும் பஃபரில் விழுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பஃபரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் முழு எடையையும் கணக்கில் வைப்பதே பாதுகாப்பு.

ஸ்டாப்பரின் வடிவமும் பொருத்துதலும்

ஸ்டாப்பர் டிராலியைத் தொடும் இடம் சக்கரமாக இருக்கக் கூடாது. டிராலியின் பக்கத் தகடாகவோ அதற்கென உள்ள பஃபராகவோ இருக்க வேண்டும். சக்கரத்தைத் தொட்டே நிறுத்த வேண்டிய பழைய அமைப்பானால், தடுப்பின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குக் குறையாமல் இருப்பது கட்டாயம். 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு 50 மி.மீ. உயரமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் சக்கரம் தடுப்பின் மீது ஏறிவிடும்; கீழ் விளிம்பில் வட்டக் கம்பித் துண்டைப் பற்றவைத்து ஸ்டாப்பர் என்று விட்டிருக்கும் இடங்களில் இதுவே நடக்கிறது.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு எளிமையானது. பீமின் நடுத்தகட்டின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆங்கிள் துண்டை நிறுத்தி, இரண்டையும் தகட்டின் ஊடாகச் செல்லும் ஒரே ஜோடி போல்ட்டால் இறுக்க வேண்டும். 200 மி.மீ. உயரமும் 100 மி.மீ. விளிம்பு அகலமும் உள்ள ஐஎஸ்எம்பி 200 பீமில், நடுத்தகட்டிலிருந்து விளிம்பின் ஓரம் வரை ஏறத்தாழ 47 மி.மீ. இருக்கும். 75 மி.மீ. கையுள்ள ஆங்கிளை வைத்தால் அது விளிம்பைத் தாண்டி 28 மி.மீ. வெளியே நீண்டு டிராலியின் பக்கத் தகட்டை நேராகச் சந்திக்கும். ரப்பர் பஃபரை அந்தக் கையின் முகத்தில் பொருத்த வேண்டும். ஒட்டுப் பசையை நம்பாமல், போல்ட் பதித்து வார்த்த பஃபரையே வாங்க வேண்டும்.

துளைகளை டிரில் கொண்டே போட வேண்டும். எம் 16 போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போதுமானது. கேஸ் வெட்டால் துளை போடுவது பீமுக்குச் செய்யும் தீங்கு. கீழ் விளிம்பில் துளையிடுவதையோ பற்றவைப்பதையோ தவிர்க்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தின் எடையைத் தாங்கி வளைவது அந்த விளிம்புதான். அங்கே உண்டாகும் எந்த வடுவும் பிற்காலத்தில் விரிசலின் தொடக்கமாகலாம். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகை ஸ்டாப்பர்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை வெறும் உராய்வில் நிற்பவை என்பதால், பலமுறை மோதும்போது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து ஒருநாள் பீமின் முனையிலிருந்து கழன்றுவிடக் கூடும். சோதனைக் காலத்துக்குத் தற்காலிகமாக வேண்டுமானால் வைக்கலாம்.

போல்ட்டைப் பற்றித் தேயிலைத் தொழிற்சாலைக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஈரமும் கொழுந்துச் சாறும் படும் இடமென்று கருதிப் பலர் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட்டை விரும்புவார்கள். வாட்டும் தொட்டிக்கு மேலே அது கூடாது. தொட்டிக்குள் விழும் நட்டு கொழுந்தோடு கலந்து சிடிசி உருளையின் பற்களுக்கிடையே போய்ச் சேராமல் காப்பது வழியில் வைக்கப்பட்டிருக்கும் காந்தம்; சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் நட்டுகளைக் காந்தம் பிடிக்காது. துத்தநாகப் பூச்சுள்ள 8.8 தர எஃகு போல்ட் வலுவிலும் மேலானது, கழன்று விழுந்தால் காந்தத்திலும் சிக்கும். அதுவும் விழாதிருக்க, நைலான் பூட்டு நட்டோ, துளையிட்ட போல்ட்டில் காட்டர் பின்னோ போடுவது அவசியம். வெறும் ஸ்பிரிங் வாஷர் நாள்தோறும் நூறு முறை அதிரும் இடத்துக்குப் போதாது. துரு ஏறிய இரும்பில் கொழுந்துச் சாறு பட்டால் மைபோல் கருநீலக் கறை படியும். போல்ட்டைச் சுற்றி அந்தக் கறை வளையமாகத் தெரிந்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள். மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வேலை தொடங்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, அந்தத் தடத்தில் உள்ள எல்லா டிராலிகளையும் மறு முனையில் கட்டிவைக்க வேண்டும். ஏணியில் சாய்ந்துகொண்டு டிரில் பிடிப்பதை நான் ஏற்பதில்லை. டிரில் பிட் சிக்கித் திருகும்போது இரு கைகளும் வேண்டும் என்பதால், கைப்பிடிச் சட்டமுள்ள சாரமே பொருத்தமானது. கீழே உள்ள தொட்டிகளைத் தார்ப்பாயால் மூடாமல் துளையிட்டால் இரும்புத் துகள் முழுவதும் கொழுந்தில்தான் விழும்.

தடமாற்றியும் திறந்த முனையும்

முனை என்றதும் எல்லாரும் தடத்தின் கடைசியையே பார்க்கிறார்கள். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு டிராலியைத் திருப்பும் தடமாற்றியில், நாக்குப் பகுதி ஒரு பக்கம் சேர்ந்திருக்கும்போது மறுபக்கத்துத் தடம் வெறுமனே திறந்து கிடக்கும். வேகமாக வரும் டிராலி அங்கே நேராகக் கீழே விழும். ஆகவே தடமாற்றியின் ஒவ்வொரு வாயிலிலும், நாக்கு விலகியதும் தன் எடையாலேயே கீழே விழுந்து தடத்தை அடைக்கும் கொண்டித் தடுப்பு இருக்க வேண்டும். ஸ்பிரிங்கால் இயங்குவதைவிட எடையால் இயங்குவது நம்பத்தக்கது. ஸ்பிரிங் முறிந்தால் தடுப்பு திறந்தபடியே நின்றுவிடும், எடையோ எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். கொண்டியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவைத்திருக்கிறார்களா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். வரத்து அதிகமான நாட்களில் வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுவார்கள், பிறகு அவிழ்க்க மறந்துவிடுவார்கள்.

வாட்டும் மாடியின் திறந்த விளிம்புக்கு வெளியே நீண்டு, கீழ்த்தளத்திலிருந்து பைகளைத் தூக்கும் தடமானால் இரண்டு தடுப்புகள் வேண்டும். ஒன்று பீமின் கடைசியில் உள்ள நிலையான ஸ்டாப்பர். மற்றொன்று மாடியின் விளிம்புக்கு உள்ளே, ஆள் கயிறு இழுத்தால் மட்டும் திறக்கும் கொண்டி. டிராலியைத் தள்ளுபவர் பைகளுக்குப் பின்னால் நடப்பதால் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. பையோடு அவரும் போய்விடாமல் காப்பது இந்தக் கொண்டியே. மாடி விளிம்பின் கைப்பிடிச் சட்டத்துக்கு இது மாற்றாகாது.

மோட்டார் டிராலியில், முனை நெருங்கியதும் தானாக மின்சாரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இருந்தால் ஸ்டாப்பர் தேவையில்லை என்று எண்ணுவது தவறு. சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும்; மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடர்பான் (கான்டாக்டர்) ஒட்டிக்கொண்டால் அதுவும் நடக்காது. மின்சாரம் போன பிறகு டிராலி எவ்வளவு தூரம் உருளுகிறது என்பதை முழுச் சுமையோடு அளந்து, அந்தத் தூரத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஸ்டாப்பருக்கு முன்னே சுவிட்சை வைக்க வேண்டும்.

சோதனையும் பராமரிப்பும்

பொருத்தி முடிந்ததும் இரு பக்கத்துப் பஃபர் முகங்களிலும் ஈரச் சுண்ணாம்பைத் தடவி, காலி டிராலியை மெதுவாகத் தள்ளி மோதவிட வேண்டும். பக்கத் தகடுகள் இரண்டிலும் ஒரே அளவு வெள்ளை படிந்தால் மோதல் சமமாக விழுகிறது. ஒரு பக்கம் மட்டும் படிந்தால் அந்தப் பக்கமே முழு அடியையும் வாங்கி டிராலியைக் கோணலாக்கும். ஆங்கிளுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு பாதிச் சுமை, அதன்பின் வழக்கமான முழுச் சுமை என்று நடை வேகத்தில் சோதிக்க வேண்டும். ஓடி வந்து மோதிப் பார்ப்பது சோதனையன்று.

வேலையாட்கள் ஸ்டாப்பரையே பிரேக்காகப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு ஒரு வழி சொல்லலாம். முனைக்கு 3 மீட்டர் முன்பே பீமின் அடிப்பக்கத்தை மஞ்சள் வண்ணமாக்கி, அங்கிருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்று முதல் நாளே பழக்க வேண்டும். பிற மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இப்போது மலையில் பலர் இருப்பதால், எழுத்தைவிட வண்ணமே விரைவில் புரியும். தாங்கும் எடையைப் பீமின் இரு பக்கமும் எழுதியிருப்பதும் அவசியம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29ஆம் பிரிவில், தூக்கும் எந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் தகுதிபெற்ற நபர் முழுமையாக ஆராய்ந்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று வகுத்தது. அந்த ஆய்வு கொக்கியோடும் சங்கிலியோடும் முடிந்துவிடாமல், ஆய்வாளரைச் சாரத்தில் ஏற்றி ஸ்டாப்பரையும் காட்டுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு இடையே ஃபிட்டர் மாதத்துக்கு ஒரு முறை நட்டுகளின் இறுக்கத்தையும், பஃபரில் கீறலோ கெட்டித்தன்மையோ வந்திருக்கிறதா என்பதையும், ஆங்கிளின் மூலையில் வண்ணப்பூச்சு மயிரிழையாகப் பிளந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மயிரிழை பெரும்பாலும் அடியில் இரும்பும் பிளக்கத் தொடங்கியதன் அடையாளம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத ரப்பரை மாற்றிவிடலாம்.

தடத்தின் சாய்வை மீண்டும் அளப்பதற்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து வரத்தைக் குறைத்துவிடும் அந்த மாதங்களில் தடத்தை ஒருநாள் முழுவதும் காலியாக வைக்க முடியும். இரண்டு பருவமழைகளும் முடிந்திருக்கும் என்பதால், அந்த ஆண்டு நிலம் இறங்க வேண்டியது ஏறக்குறைய இறங்கியும் முடிந்திருக்கும். டியூப் லெவலில் எடுத்த அளவுகளை முந்தைய ஆண்டின் அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால், எந்தத் தூண் இறங்குகிறது என்பது மூன்றாம் ஆண்டில் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்தத் தூணின் பக்கத்து ஸ்டாப்பரில் பஃபரை மற்றவற்றைவிட முன்னதாக மாற்ற வேண்டும்.